ஆட்டோசால் மெட்டல் பாலிஷ்: வெள்ளை பூத்த அலாய் வீலுக்கு எதுவரை உதவும்?

ஜெர்மனியின் ஸோலிங்கன் நகரத்துத் தயாரிப்பு. பற்பசை மாதிரி டியூபில் வருகிறது, 75 மி.லி. மூடியைத் திறந்ததும் அம்மோனியா நெடி மூக்கில் ஏறும். வெறும் அலுமினியத்தைக் கையால் பளபளப்பாக்க இதைவிட நல்ல பேஸ்ட் தேடி அலைய வேண்டாம். சிக்கல் என்னவென்றால், ஷோரூமிலிருந்து வரும் அலாய் வீல்களில் பெரும்பாலானவை வெறும் அலுமினியம் இல்லை. மேலே பெயிண்ட், அதற்கும் மேல் கிளியர் கோட் என்னும் நிறமற்ற பாதுகாப்புப் பூச்சு. இது தெரியாமல் வாங்கியவர்கள்தான் "ஒண்ணும் ஆகல" என்று பாலிஷைத் திட்டுகிறார்கள்.

தெரிந்துகொள்ள ஒரு வெள்ளைத் துணி போதும். மிளகளவு பேஸ்ட் வைத்து, கண்ணுக்குப் படாத ஒரு ஸ்போக் ஓரத்தில் இருபது தடவை அழுத்தித் தேயுங்கள். துணி கரியாகிவிட்டால் உலோகம் வெளியே இருக்கிறது, வேலையைத் தொடரலாம். வெள்ளையாகவே இருந்தால் நீங்கள் தேய்த்தது கிளியர் கோட்டை. அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

கிளியர் கோட்டுக்கு அடியில் மண்புழு ஊர்ந்த தடம் போல வெள்ளைக் கோடுகள் ஓடினால் அதை எந்தப் பேஸ்டும் தொடாது. கல் தெறித்த இடம், நடைபாதைக் கல்லில் உரசிய விளிம்பு, பேலன்சிங் எடை கவ்வியிருந்த இடம் என எங்காவது ஒரு கீறல் வழியாக உப்பும் ஈரமும் உள்ளே போய், பூச்சுக்கும் உலோகத்துக்கும் நடுவே பரவியிருக்கும். மேலே தேய்க்கத் தேய்க்க மிச்சமிருக்கும் பூச்சுதான் மெலியும். முகப்பை இயந்திரத்தில் கடைந்து பளபளப்பாக்கிய டயமண்ட் கட் வீல்களில் இந்தத் தொல்லை அதிகம், கடலோர ஊர்களில் இன்னும் அதிகம்.

சரி, பூச்சு உரிந்துபோன பழைய வீல், அல்லது ஆரம்பத்திலேயே பூச்சில்லாத வீல் என்று வைத்துக்கொள்வோம். வீல் நன்றாக ஆறியிருக்க வேண்டும். வெயிலில் நின்ற வண்டியில் பேஸ்ட் அரை நிமிடத்தில் காய்ந்து கட்டியாகிவிடும். முதலில் கார் ஷாம்பூவால் கழுவி, பிரேக் தூளை அதற்கான அயர்ன் ரிமூவரால் எடுங்கள். ஊதா நிறமாக வழியும், அது இரும்புத் துகள் கரைவது. மணல் தங்கிய வீலில் பாலிஷ் போட்டால் கிடைப்பது பளபளப்பு அல்ல, கீறல்.

நகம் மாட்டுகிற அளவுக்குக் குழி இருந்தால் பேஸ்டுக்கு முன் வாட்டர் பேப்பர் அவசியம். தண்ணீர் தொட்டுத் தொட்டு 600, 800, 1000, 1500, 2000 என்று போக வேண்டும், எண் ஏற ஏற பேப்பர் நைஸாகும். நடுவில் ஒரு எண்ணைத் தாண்டினால் முந்தைய பேப்பரின் கோடுகள் பாலிஷுக்குப் பிறகு வெயிலில் எழும்பி நிற்கும். பிறகு உள்ளங்கை அகல இடத்துக்குப் பட்டாணியளவு பேஸ்ட், அதற்கு மேல் வேண்டாம். கரி கிளம்பும்வரை தேய்த்து, முழுக்கக் காயுமுன் வேறு துணியால் எடுத்துவிடுங்கள். கரி படிந்த பக்கத்தாலேயே துடைத்தால் மங்கல் போகாது, எனவே நாலு வீலுக்கு ஏழெட்டுத் துணியாவது வேண்டும். பேஸ்ட் ஒரு டியூபே தாராளம்.

இந்தப் பளபளப்பு நிலைக்காது, அது பாலிஷின் குற்றமும் இல்லை. வெறும் அலுமினியத்தின் மேல் காற்றுபட்டதுமே மெல்லிய ஆக்சைடு படலம் உண்டாகிவிடும். அதுதான் அதற்குக் கவசம். உப்பின் குளோரைடு அந்தக் கவசத்தை ஓட்டை போடுகிறது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் எண்ணெய்ப்பசையைத் துடைத்துவிட்டு உடனே வீல் சீலன்ட் அல்லது மெழுகு பூசுங்கள். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறையாவது திரும்பப் பூச வேண்டும்.

வாட்டர் வாஷ் கடையில் "வீல் ஆசிட்" அடிக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடத்தில் பளிச்சிடும், அடுத்த மழையில் சாம்பல் பூக்கும். காஸ்டிக் சோடா கலந்த, எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கும் டீகிரீசரும் அப்படித்தான், அலுமினியத்துக்கு அமிலமும் ஆகாது, காரமும் ஆகாது. பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டு விளக்கிய பழக்கத்தில் எலுமிச்சையும் புளியும் கொண்டுபோகிறவர்களுக்கும் இதே பதில்தான்.

கிளியர் கோட்டுக்கு அடியில் பூத்திருந்தால் இந்த டியூபுக்குச் செலவழிக்காதீர்கள். வெள்ளை தெரியும் எல்லையைத் தாண்டி ஒரு சென்டிமீட்டர் வரை பூச்சை எடுத்து, வெள்ளை முழுவதும் போகும்வரை உலோகத்தைத் தேய்த்து, எட்ச் பிரைமர் (உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் அடிப்பூச்சு), நிறம், டூ-கே கிளியர் (கெட்டியாக்கி கலந்து அடிக்கும் கிளியர் கோட்) என்று அடிப்பதே வழி. சாதாரண ஸ்ப்ரே டப்பா கிளியர் பெட்ரோல் பட்டால் இளகும். டூ-கே கிளியரில் மூச்சுக்குக் கேடான ஐசோசயனேட் உண்டு. அதற்குரிய முகமூடி இல்லாமல் அடிக்கக் கூடாது. நாலு வீலிலும் பரவியிருந்தால் முழுதாக உரித்துப் பவுடர் கோட்டிங் போடுவது மேல்.

டயர் உட்காரும் ரிம் விளிம்பைப் பலர் பார்ப்பதே இல்லை. பஞ்சர் இல்லாமலே வாரம் இரண்டு மூன்று பிஎஸ்ஐ இறங்கினால் சந்தேகப்பட வேண்டியது அந்த விளிம்பைத்தான். அங்கே பூத்த வெள்ளைப் பொடி டயரை ஒட்டவிடாது. சோப்புத் தண்ணீர் ஊற்றினால் விளிம்போரமாக நுரை பொங்கும். டயரைக் கழற்றி, தேய்ப்பு நாரால் உலோகம் தெரியச் சுத்தம் செய்து, டயர் விளிம்பில் காற்று கசியாமல் அடைக்கும் பீட் சீலர் தடவித் திரும்ப மாட்டச் சொல்லுங்கள். அங்கே மட்டும் ஆட்டோசால் போட வேண்டாம், அதன் எண்ணெய்ப்பசை சீலரைப் பிடிக்கவிடாது.