ஏற்றத்தில் கார் தட்டுகிறதா? 95 பெட்ரோலா, மெக்கானிக்கா?

தென்னாப்பிரிக்காவில், ஜோபர்க்கிலிருந்து (ஜோகன்னஸ்பர்க்) கடலோர டர்பனுக்கு இறங்கி வந்து, மறுநாள் டர்பன் பக்கத்து ஃபீல்ட்ஸ் ஹில் ஏற்றத்தில் ஏறும்போது ஆக்சிலரேட்டரை மிதித்தால் தகர டப்பாவில் கோலி உருட்டுவது மாதிரி சத்தம். 95 ஆக்டேன் பெட்ரோல் (எண் கூடினால் தானாக வெடிப்பதை அதிகம் தாங்கும்) போட்டுப் பார்ப்பதா, மெக்கானிக்கிடம் விடுவதா?

செலவு: 95 என்றால் எப்படியும் போடப்போகிற ஒரு டேங்க் காசு. மெக்கானிக் என்றால் ஸ்கேன், ஸ்பார்க் பிளக், கார்பன் சுத்தம் என்று பில் ஏறும்.

சிரமம்: பம்பில் ஊற்றுகிறவரிடம் ஒரு வார்த்தை போதும். மெக்கானிக்கிடம் விட்டால் ஒரு நாளாவது கார் இல்லை.

தீர்வு நிற்குமா? இங்கேதான் விஷயம். ஜோபர்க் கிட்டத்தட்ட 1,700 மீட்டர் உயரம், காற்று மெல்லியது, சிலிண்டரில் அழுத்தம் குறைவு, அதனால் பல கார்களுக்கு அங்கே 93 போதும்; அதே 93 டேங்கில் இருக்கக் கடல் மட்டத்துக்கு வந்தால், தீச்சுடர் எட்டுவதற்கு முன்பே மீதிக் கலவை தானாக வெடித்துச் சத்தம் போடும். இதற்கு 95 சரியான மருந்து. ஆனால் கார்பன் படிவோ, பழுதான நாக் சென்சாரோ (இந்தத் தட்டலை உணரும் கருவி), இன்ஜின் சூடாவதோ காரணம் என்றால் 95 சத்தத்தை அமுக்கும், அவ்வளவுதான்.

என் கணக்கு: மேலிருந்து இப்போதுதான் வந்தவர்கள் முதலில் 95 போடுங்கள். இரண்டு டேங்க் தாண்டியும் தட்டினால் மெக்கானிக். அப்புறம், கனமாக ‘டொக் டொக்’ என்று அடித்து ஆயில் விளக்கும் எரிந்தால் இரண்டும் வேண்டாம், இன்ஜினை அணைத்துவிட்டு இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.