சபையில் இருந்துகொண்டே இறையியல் படித்த மூன்று வருடம்: சேரலாமா என்று கேட்ட தம்பிக்கு

வாலிபர் கூட்டம் முடிந்து ஒரு தம்பி கேட்டான்: "அண்ணே, முழுநேரமா செமினரிக்குப் போகட்டுமா, இல்ல உங்கள மாதிரி சபையில ஊழியம் செஞ்சுக்கிட்டே படிக்கட்டுமா?" அன்று ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். படிப்பு முடிந்து இரண்டு வருடம் ஆகிறது. இப்போது சொல்கிறேன்.

பாடத்திட்டம் உனக்குத் தெரிந்ததுதான். மூன்று நாள் வகுப்பு, மீதி நாள் சபை. வேதாகமம், சபைச் சரித்திரம், பிரசங்கக் கலை, கிரேக்கம். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

எரிச்சல் ஒன்றே ஒன்றுதான். கல்லூரியும் சபையும் ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்ளவே இல்லை. வாரம் ஒரு மணி நேரம் வழிகாட்டும் போதகரோடு உட்கார்ந்து, செய்ததையும் படித்ததையும் பேச வேண்டும் என்பது விதி. மூன்று வருடத்தில் பதினைந்து தடவை உட்கார்ந்திருந்தால் அதிகம். மற்ற வாரமெல்லாம், "அடுத்த வாரம் பாக்கலாம் தம்பி, இப்ப நாற்காலியப் போட்டுடுங்க." நாற்காலி போடுவதும் ஊழியம்தான், சரி. ஆனால் ரோமர் நிருபத்தைவிட மைக் செட்டை நான் நன்றாகக் கற்றுக்கொண்டேன். சந்தித்ததாகப் படிவத்தில் மட்டும் வாராவாரம் கையெழுத்து விழுந்துவிடும்.

1963இல் மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலாவில் பிரஸ்பிட்டேரியன் சபையின் செமினரி ஒன்று, சபையையும் குடும்பத்தையும் விட்டு வர முடியாதவர்களுக்காக விரிவாக்க இறையியல் கல்வியைத் தொடங்கியது. மாணவர்கள் வீட்டில் படித்தார்கள், ஊரில் ஊழியம் செய்தார்கள், ஆசிரியர் அவர்கள் பக்கம் போய்ச் சந்தித்தார். அந்தச் சந்திப்புதான் இரண்டையும் கட்டிய முடிச்சு. எங்களுக்கு அவிழ்ந்து கிடந்ததும் அதுதான்.

முடிச்சு என்றதும் ஞாபகம் வருகிறது. கிரேக்கத்தில் முதலில் உருப்போட வைப்பது 'லூஓ' என்ற வினைச்சொல். அவிழ்க்கிறேன் என்று அர்த்தம். ஒரு சனிக்கிழமை இரவு சபையில் ஒரு மரணம், ஞாயிறு மாலை அடக்கம், திங்கள் காலை கிரேக்கத் தேர்வு. ஆசிரியரிடம் சொன்னேன். "அப்படியா? சரி, தாளை எடு" என்றார். ஆனால் அந்தச் சனிக்கிழமை இரவே அடக்க ஆராதனைக்காக யோவான் 11ஐத் திறந்து வைத்திருந்தபோது, கல்லறையிலிருந்து உயிரோடு வந்த லாசருவைக் குறித்து இயேசு "கட்டவிழ்த்துவிடுங்கள்" என்று சொல்லும் இடத்தில், கிரேக்க மூலத்தில் அதே வினை நின்றது. மாதக்கணக்கில் அட்டவணையாக முணுமுணுத்த சொல், பிரேதச் சீலை சுற்றிய ஒரு மனிதன் மேல் வந்து விழுந்தது. கொஞ்ச நேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். இதை யாரும் திட்டமிட்டுத் தரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

திட்டமிட்டே தந்த ஒன்று உண்டு: வெர்பேட்டிம். அமெரிக்காவில் அன்டன் பாய்சன் என்ற மருத்துவமனைப் போதகர் 1925இல் இறையியல் மாணவர்களை மனநல மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்ப் பழக்கினார். அந்த வழியில் வளர்ந்த பயிற்சி இது. நோயாளியைப் பார்த்துவிட்டு வந்து, பேசியதை நாடகம் போல வரிக்கு வரி எழுத வேண்டும். எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஒரு அம்மா, "ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லப்பா, பயமா இருக்கு" என்றார். என் அடுத்த வரி: "ஜெபம் பண்ணலாமாம்மா?" ஓரத்தில் பென்சிலில் ஆசிரியர் எழுதியிருந்தார்: "பயந்தது யார்? அவரா, நீயா?"

இரண்டு நாள் கோபம். இன்றைக்கும் படுக்கை ஓரம் உட்காரும்போது வாயைத் திறக்குமுன் அந்தப் பென்சில் எழுத்து வந்து நிற்கிறது. மூன்று வருடத்துக்கும் அது ஒன்றே போதும் என்றுகூடத் தோன்றும்.

அப்படியென்றால் சேரலாமா? வேண்டாம், முழுநேரமாகப் போ. நேற்றுத்தான் பழைய படிவங்களைக் கிழித்தேன், அந்தக் கையெழுத்துகளைப் பார்த்த சூடு இன்னும் ஆறவில்லை. அடுத்த மாதம் கேட்டால் வேறு மாதிரி சொன்னாலும் சொல்வேன். மீறிச் சேர்வதென்றால், அந்த ஒரு மணி நேரம் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று போதகரிடம் முதல் நாளே கேட்டுவிடு. அப்புறம், நாற்காலி மொத்தம் எத்தனை என்றும் கேள்.