சுவிட்சர்லாந்து பேக்கேஜ்: இலவசத்துக்கும் காசு வாங்குகிறார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்

கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு சுவிட்சர்லாந்து போகத் திட்டம் போடுகிறவர்கள், ஏஜென்ட் கையில் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். ஊரில் எந்தக் குறையும் இல்லை, ரயில்களும் நேரத்துக்கு வந்தன. அங்கே சும்மா கிடைக்கிறதற்கெல்லாம் சென்னையில் உட்கார்ந்துகொண்டு எங்களிடம் பணம் வாங்கியிருக்கிறார் ஏஜென்ட். அதுதான் விஷயம்.

முதலில் விசா. சுவிட்சர்லாந்து உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவின் கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 12 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு 45 யூரோ. 6 வயதுக்குக் கீழே கட்டணமே கிடையாது. எங்கள் மகளுக்கு 9 வயது, மகனுக்கு 5. கோட்டேஷனில் நான்கு பேருக்கும் ஒரே தொகை போட்டிருந்தார். விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி என்பது தெரியும். அதையும் இதில் சேர்த்துப் பார்த்தாலும் கணக்கு இடித்தது. கேட்டதற்கு, “எல்லாம் சேர்த்துத்தான் சார்” என்பதே பதில்.

அடுத்தது சுவிஸ் டிராவல் பாஸ். ரயில், பஸ், படகு எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ். கோட்டேஷனில் ‘சைல்டு பாஸ் × 2’ என்று தனி வரி, பெரியவர் கட்டணத்தில் பாதி. ஜூரிக்கிலிருந்து லூசர்ன் போகும் ரயிலில் கண்டக்டர் வந்தார். எங்கள் பாஸை ஸ்கேன் செய்துவிட்டு, மகளுக்கு ஃபேமிலி கார்டு இருக்கிறதா என்று கேட்டார். ஏஜென்ட் கொடுத்த தாள்களைப் புரட்டினால், ஒன்றில் சுவிஸ் ஃபேமிலி கார்டு என்று அச்சடித்திருந்தது. விலை இருக்க வேண்டிய இடம் மட்டும் வெள்ளையாக மறைக்கப்பட்டு ஜெராக்ஸ் எடுத்தது போல இருந்தது. இது எவ்வளவு என்று அவரிடமே கேட்டேன். பெற்றோரிடம் பாஸ் இருந்தால் 6 முதல் 15 வயது வரை இந்த கார்டு இலவசம், பையனுக்கு அதுகூட வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார். நானும் என் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அப்புறம் லூசர்னில் தோண்டத் தோண்ட வந்தது. ‘லூசர்ன் ஏரி படகுச் சவாரி’, ‘ரிகி மலை ரயில்’ இரண்டுக்கும் தலைக்கு இவ்வளவு என்று வாங்கியிருந்தார். அவர் கொடுத்த வவுச்சரைப் படகுத்துறையில் நீட்டினேன். அங்கிருந்த பெண் அதைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், டிராவல் பாஸ் இருந்தால் ஏறுங்கள் என்றார். விட்ஸ்னாவில் இறங்கி மலை ரயில் ஏறும்போதும் அதே கதை. 1871-இல் தொடங்கிய பாதை அது, ஐரோப்பாவின் முதல் மலை ரயில். பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிச் சந்தோஷமாக ஏற வேண்டிய இடத்தில் நான் போனில் கோட்டேஷனைத் திறந்து வைத்துக்கொண்டு கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன்.

இன்டர்லேக்கன் என்று போட்டிருந்த ஹோட்டல் உண்மையில் பெர்னில் இருந்தது. ரயிலில் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். பாஸ் இருப்பதால் செலவில்லைதான், ஆனால் தூங்கி விழும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தினமும் போய்வர வேண்டுமே! யுங்ஃப்ராயோக் என்ற பனிமலை ரயில் நிலையத்துக்குப் போகும் டிக்கெட்டையும் முன்கூட்டியே ஒரு தேதிக்குப் போட்டிருந்தார், அதுவும் இன்டர்லேக்கனிலிருந்தே முழு விலைக்கு. பாஸ் இருந்தால் வழியில் உள்ள கிரிண்டல்வால்ட் அல்லது வெங்கன் ஊர் வரைக்கும் தனி டிக்கெட் வேண்டாம், அதற்கு மேலேயும் 25 சதவீதம் தள்ளுபடி உண்டு. அன்று காலை மேலே இருக்கும் கேமராவை நெட்டில் பார்த்தால் ஒரே வெள்ளை. மறுநாளுக்கு மாற்றித் தரச் சொல்லி ஏஜென்டுக்கு போன் செய்தேன். “நான்-ரீஃபண்டபிள் சார், போயிட்டு வாங்க, மேலே போனா கிளியர் ஆயிடும்” என்றார். 3,454 மீட்டர் உயரத்தில் அலெட்ச் பனியாறு இருக்க வேண்டிய திசையில் கைப்பிடிக் கம்பிக்கு அப்பால் எதுவுமே தெரியவில்லை. கேமரா பொய் சொல்லவில்லை. நீங்களாகப் போனால் காலையில் அதைப் பார்த்துவிட்டு டிக்கெட் வாங்குங்கள்.

ஏஜென்டும் பிழைக்க வேண்டும், சரி. தன் உழைப்புக்கு சர்வீஸ் சார்ஜ் என்று எழுதி எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கட்டும், பிடித்தால் கொடுக்கிறோம். சுவிஸ் ரயில்வே இலவசமாகத் தருவதை அதன் பெயரிலேயே விலை போட்டு விற்பது வேறு சங்கதி.

ஊர் திரும்பியதும் இன்னொன்றும் வெளியே வந்தது. வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு டி.சி.எஸ். என்ற வரியை விற்கும்போதே ஏஜென்ட் நம்மிடம் பிடித்து, நம் பான் எண்ணில் கட்ட வேண்டும். வருமான வரி தாக்கல் செய்யும்போது நாம் அதைக் கழித்துக்கொள்ளலாம். எங்களிடம் பிடித்தார். நம் பெயரில் கட்டிய வரிகளைக் காட்டும் படிவம் 26ஏஎஸ்-இல் அந்த வரவையே காணோம். நீங்களும் உங்களுடையதை ஒரு முறை திறந்து பாருங்கள்.

நேரில் போய்க் கேட்டபோது, ஃபேமிலி கார்டுக்கு வாங்கியதை மட்டும் திருப்பித் தருவதாகவும், கூகுளில் போட்ட ரிவ்யூவை எடுத்துவிட வேண்டும் என்றும் பேரம் பேசினார். மாட்டேன் என்றுவிட்டேன். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறோம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் மனு தயாராகிறது. ஏஜென்டின் ஆபீஸ் எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். கோட்டேஷன், வவுச்சர், வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழித்துவிடாதீர்கள், எல்லாம் கேட்கிறார்கள்.