'இட்ஸ் மீ'யா, 'இட் இஸ் ஐ'யா?

கதவைத் தட்டுகிறோம். உள்ளேயிருந்து 'ஹூ இஸ் இட்?' என்று கேட்கிறார்கள். தமிழில் 'நான்தான்' என்போம். அந்தப் பழக்கத்தில் ஆங்கிலத்திலும் 'ஐ'தான் வர வேண்டும் என்று தோன்றும். பழைய இலக்கணக்காரர்களும் 'இட் இஸ் ஐ' பக்கம்தான். 'இஸ்' போன்ற வினைக்குப் பின்னும் 'ஐ', 'ஹீ' போன்ற எழுவாய் வடிவமே வர வேண்டும் என்பது லத்தீன் வழக்கோடு ஒத்துப்போகும் விதி. 1762-இல் வெளிவந்த ராபர்ட் லவ்த்தின் இலக்கண நூலும் அதையே சொன்னது. ஆனால் இன்று வாசலில் நின்று 'இட் இஸ் ஐ' என்றால் ராஜா வேஷம் போட்டவர் பேசுவது போலிருக்கும். தயங்காமல் 'இட்ஸ் மீ' என்றே சொல்லலாம், அதில் பிழை இல்லை.

போனில் நம் பெயரைச் சொல்லிக் கேட்டால், 'நான்தான் பேசுகிறேன்' என்பதற்கு 'திஸ் இஸ் ஹீ', 'திஸ் இஸ் ஹிம்' இரண்டும் உண்டு. எதற்கு வம்பு, 'ஸ்பீக்கிங்' போதும்.

உண்மையான சறுக்கல் 'அண்ட்' வரும் இடத்தில்தான். 'மீ அண்ட் மை ஃப்ரெண்ட் வென்ட்' என்றால் திருத்துவார்கள். திருத்தம் வாங்கியவர் அப்புறம் எல்லா இடத்திலும் 'மை ஃப்ரெண்ட் அண்ட் ஐ' என்று போட ஆரம்பித்துவிடுவார். 'ஷீ இன்வைட்டட் மை ஃப்ரெண்ட் அண்ட் ஐ' காதுக்கு கௌரவமாக இருக்கும், இலக்கணப்படி தவறு. நண்பரை எடுத்துவிட்டுச் சொல்லிப் பாருங்கள்: 'ஷீ இன்வைட்டட் ஐ'. குட்டு உடைந்துவிடும். 'மீ'தான் சரி.

'பிட்வீன் யூ அண்ட் ஐ' கொஞ்சம் வேறு ரகம். ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' நாடகத்தில் அன்டோனியோ எழுதும் கடிதத்திலேயே அது இருக்கிறது. இருந்தாலும் இன்றைய இலக்கணம் கேட்பது 'பிட்வீன் யூ அண்ட் மீ'. 'பிட்வீன் அஸ்' என்கிறோமே தவிர யாரும் 'பிட்வீன் வீ' என்பதில்லை.

கடைசியாக 'மீ டூ'. 'ஐ லைக் இட்' என்பவருக்கு 'மீ டூ' நல்ல பதில். கொஞ்சம் விறைப்பாக வேண்டுமானால் 'ஸோ டூ ஐ'. ஆனால் 'ஐ டோன்ட் லைக் இட்' என்பவருக்கும் நாம் 'மீ டூ' என்றுதான் சொல்கிறோம். நம் 'எனக்கும்தான்' பிடிக்கும், பிடிக்காது இரண்டுக்கும் பொருந்துவதால் வந்த வினை இது. ஆங்கிலத்தில் மறுப்புக்குத் தனிக் கணக்கு: நண்பர்களிடம் 'மீ நெய்தர்', எழுத்திலும் நேர்காணலிலும் 'நெய்தர் டூ ஐ'. துணைவினையையும் எதிராளியிடமிருந்தே எடுக்க வேண்டும். அவர் 'ஐ கான்ட் ஸ்விம்' என்றால் பதில் 'நெய்தர் கேன் ஐ'.