தோலை இழுப்பதா, அடியில் இருப்பதைத் தூக்குவதா? ஃபேஸ்லிஃப்ட் முறைகள் ஓர் அலசல்

கண்ணாடி முன் நின்று, கன்னத்தை விரல்களால் காதுப் பக்கம் இழுத்துப் பார்ப்பது நடுவயதைக் கடந்த பலரும் செய்வதுதான். அந்தச் செய்கை ஒரு தவறான எண்ணத்தை மனதில் பதித்துவிடுகிறது. தோல் தளர்ந்திருக்கிறது, இழுத்துத் தைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று தோன்றுகிறது. ஆனால் வயதாகும்போது தோலோடு சேர்ந்து கன்னக் கொழுப்பும் அதன் அடியில் உள்ள படலமும் கழுத்துத் தசையும் இறங்குகின்றன. பஞ்சு சரிந்துபோன மெத்தைக்கு உறையை மட்டும் இறுக்கிக் கட்டினால் எப்படியிருக்கும்? தளர்ந்த முகத்தைத் தூக்கிச் சீராக்கும் அறுவை சிகிச்சைதான் ஃபேஸ்லிஃப்ட். அதன் முறைகளின் பெயர்கள் ஏராளம். அவற்றை ஒப்பிடும்போது நான் முதலில் பார்ப்பது, இழுவிசையைச் சுமப்பது எது என்பதைத்தான்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தச் சிகிச்சை பிறந்தபோது சுமை முழுவதும் தோலின் மேல்தான் இருந்தது. காதோரம் வெட்டி, தோலைப் பிரித்து, இழுத்து, மிச்சத்தை நறுக்கித் தைத்தார்கள். தோல் நீளும் தன்மை கொண்டது. கொஞ்ச நாளில் அது தளர்ந்துவிடும். தையலில் இழுவிசை இருப்பதால் தழும்பு அகலமாகும், காது மடலின் நுனி கீழே இழுபட்டுக் கன்னத்தோடு ஒட்டியதுபோல் ஆகிவிடும். 'காற்றில் அடிபட்ட முகம்' என்று மக்கள் அஞ்சும் தோற்றம் பெரும்பாலும் இங்கிருந்து வந்ததே. முன்பே சிகிச்சை செய்துகொண்டவருக்குச் சிறிதளவு மிச்சத் தோலை எடுக்க இம்முறை பயன்படலாம். முதன்முறை செய்துகொள்பவருக்கு இதை மட்டும் பரிந்துரைத்தால் நான் தயங்குவேன்.

திருப்பம் 1970-களில் வந்தது. சுவீடனைச் சேர்ந்த டோர்ட் ஸ்கூக், தோலுக்கு அடியில் உள்ள அடுக்கையும் சேர்த்துத் தூக்கும் முறையை 1974-இல் விவரித்தார். 1976-இல் பிரான்சின் மிட்ஸ், பெய்ரோனி இருவரும் அந்த அடுக்கின் உடற்கூறைத் தெளிவாக வரைந்து காட்டினார்கள். அதைத்தான் இன்று 'ஸ்மாஸ்' என்கிறார்கள். முகபாவத் தசைகளை ஒன்றோடொன்று இணைக்கும் நார்ப்படலம் அது. கீழே கழுத்தின் பிளாட்டிஸ்மா தசையோடு தொடர்ந்து போகிறது. தோலைப் போல அது எளிதில் நீள்வதில்லை. ஆகவே சுமையை அதற்குக் கொடுத்துவிட்டு, தோலை இழுக்காமல் மேலே படியவிட்டுத் தைக்க முடிகிறது.

ஸ்மாஸைக் கையாளும் வழிகள் பல. எளியது, வெட்டாமல் மடித்துத் தைப்பது. முக நரம்பின் கிளைகள் இந்தப் படலத்துக்கு அடியில் ஓடுவதால், அதைத் திறக்காதவரை ஆபத்து குறைவு. நேரமும் மிச்சம். இன்னொன்று, காதுக்கு முன்னால் படலத்தில் ஒரு பட்டையை வெட்டியெடுத்து, இரு ஓரங்களையும் சேர்த்துத் தைப்பது. பருத்த கன்னத்தில் மடிப்புத் தையல் புடைப்பாகத் தெரியக்கூடும், அங்கே பட்டையை எடுப்பது பொருத்தம். ஏற்கெனவே வற்றி ஒடுங்கிய முகத்திலோ எதையும் வெட்டியெடுப்பது வீண். அங்கே மடித்துத் தைப்பதால் கிடைக்கும் சிறு பருமனும் ஒரு வரவுதான்.

2002-இல் பெல்ஜியத்தின் கெண்ட் நகரைச் சேர்ந்த டொனார்டும் வெர்பேலும் வெளியிட்ட 'மேக்ஸ் லிஃப்ட்' மடித்துத் தைக்கும் குடும்பத்தைச் சேர்ந்ததே. சுருக்குப்பை வாயில் கயிறு ஓடுவதுபோல் தையலைச் சுற்றி ஓடவிட்டு, நெற்றிப் பொட்டுக்கு அருகே உள்ள உறுதியான ஆழ்படலத்தில் கட்டுகிறார்கள். இழுப்பு பக்கவாட்டில் போகாமல் செங்குத்தாக மேல்நோக்கிப் போகிறது. முகம் சரிந்தது கீழ்நோக்கித்தானே, ஆகவே திருத்தமும் அதற்கு நேரெதிராக இருப்பது எனக்குப் பிடித்த தர்க்கம். தழும்பு காதுக்கு முன்னும் கிருதா ஓரத்திலும் நின்றுவிடுகிறது, காதுக்குப் பின்னால் போவதில்லை. உள்ளிட மயக்க ஊசியிலேயே செய்ய முடிகிறது. தாடையோரம் லேசாகச் சதை தொங்கத் தொடங்கியவருக்கு நல்ல தேர்வு. கழுத்தில் தோல் நிறையத் தொங்கினால் இது போதாது. அப்படிப்பட்டவர் சிறிய தழும்புக்கு ஆசைப்பட்டு இதைக் கேட்டால், கழுத்தைப் பார்த்து ஏமாறுவார்.

இனி, எல்லோரும் விசாரிக்கும் 'டீப் பிளேன்'. அமெரிக்க மருத்துவர் சாம் ஹாம்ரா 1990-இல் இந்தப் பெயரில் இதை வெளியிட்டார். இங்கே தோலையும் ஸ்மாஸையும் தனித்தனியாகப் பிரிப்பதில்லை. கண்ணின் வெளிக்கோணத்துக்கும் தாடைக் கோணத்துக்கும் இடையிலான ஒரு கோட்டில் படலத்துக்கு அடியில் நுழைந்து, கன்னத்தை ஒரே தடிமனான மடலாகத் தூக்குகிறார்கள். முக்கியமான வேலை அதற்குப் பிறகு வருகிறது. கன்ன எலும்பிலும் மெல்லும் தசையின் மேலும் முகத்தைப் பிடித்துக் கட்டியிருக்கும் பிணைப்பு நார்கள் உண்டு. அவற்றை விடுவிக்காமல் காதோரத்தில் எவ்வளவு இழுத்தாலும், மூக்கோரம் உள்ள கன்னத்துக்கு அந்த இழுப்பு முழுமையாகப் போய்ச் சேராது. நங்கூரம் எடுக்காத படகைக் கயிறு கட்டி இழுப்பது போலத்தான். நார்களை விடுவித்தபின் நடுக்கன்னம் அதிக இழுப்பின்றியே மேலே வருகிறது. தோல் தன் அடித்தளத்தோடு ஒட்டியே இருப்பதால் அதற்குப் போகும் ரத்த ஓட்டமும் அதிகம் சேதமாவதில்லை.

இதற்குக் கொடுக்க வேண்டிய விலையும் உண்டு. கத்தி முக நரம்புக் கிளைகளுக்கு அருகிலேயே வேலை செய்கிறது. நேரம் கூடுகிறது. நடுமுகத்தில் வீக்கம் வடியப் பல வாரம் ஆகலாம். பழகிய கையில் நிரந்தர நரம்புச் சேதம் அரிதுதான், ஆனால் 'பழகிய கை' என்ற சொல்லை இலேசாகக் கடந்துவிட வேண்டாம். இன்று இந்தப் பெயர் விற்பனைச் சரக்காகிவிட்டது. பெயரைப் பலகையில் எழுதுகிறவர் எல்லோரும் அந்த நார்களை முழுமையாக விடுவிக்கிறார்கள் என்பதில்லை.

ஆழமாகப் போனால் பலனும் கூடுமா? இரண்டு ஆய்வுகள் என்னை நிதானிக்க வைத்தன. 1996-இல் வெளியான ஓர் ஆய்வில் ஒரே முகத்தின் ஒரு பாதியில் எளிய ஸ்மாஸ் முறையும் மறுபாதியில் விரிவான முறையும் செய்தார்கள். ஓராண்டுக்குப் பின்னும் இரு பாதிகளுக்கும் கண்ணில் படும் வேறுபாடு கிடைக்கவில்லை. 2009-இல் வந்த மற்றொன்றில் ஒரே மாதிரி இரட்டையர் இரு ஜோடி. நான்கு மருத்துவர்கள், ஆளுக்கொரு முகம், ஆளுக்கொரு முறை. 1, 6, 10 ஆண்டுகளில் படமெடுத்தார்கள். இது வென்றது, அது தோற்றது என்று அந்தப் படங்களை வைத்துத் தீர்ப்புச் சொல்வது எளிதன்று. எண்ணிக்கை சிறியது, உண்மைதான். ஆனாலும் தேர்ந்த மருத்துவர் தாம் நன்கறிந்த முறையைச் செய்வது, அரைகுறையாகச் செய்யப்படும் டீப் பிளேனைவிட மேலானது என்றே நான் நம்புகிறேன்.

எந்த முறையானாலும் சில விஷயங்கள் மாறுவதில்லை. அதிகம் காணப்படும் சிக்கல் ரத்தக்கட்டு. பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்தில் வரும். உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் ஆண்களுக்கும் வாய்ப்பு அதிகம். எல்லோரும் அஞ்சுவது முகம் கோணிப்போவதை. ஆனால் அதிகமாகச் சேதமாவது காது மடலுக்கு உணர்வு தரும் கழுத்து நரம்பு. காதில் மரமரப்பு நீடிக்கும். உதட்டைச் சுற்றிய நுண்கோடுகளும் கரும்புள்ளிகளும் எந்த ஃபேஸ்லிஃப்டிலும் போகாது. வற்றிய கன்னத்துக்கு, உடலின் வேறிடத்திலிருந்து எடுத்த கொழுப்பை ஊசி மூலம் நிரப்புவது தனி வேலை.

நாற்பதுகளின் பிற்பகுதியில், கழுத்து நன்றாக இருந்து தாடையோரம் மட்டும் தளர்ந்தவருக்கு நான் மேக்ஸ் லிஃப்டைச் சொல்வேன். நடுக்கன்னம் இறங்கி மூக்கோர மடிப்பு ஆழமாகி, கழுத்தும் தளர்ந்திருந்தால் டீப் பிளேன், அதுவும் அதையே தொடர்ந்து செய்துவருபவரிடம். சதைப்பற்றான முகத்துக்கும், நீண்ட மயக்கம் தாங்காத உடல்நிலைக்கும் ஸ்மாஸ் முறைகள். புகைபிடிப்பவருக்கோ, விடும்வரை எதுவுமில்லை. நிகோடின் நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும், பிரித்தெடுத்த தோல் காதுக்குப் பின்னால் கருகி உதிரக்கூடும். புகைபிடிப்பவருக்கு இந்த ஆபத்து ஏறக்குறைய 12 மடங்கு என்று 1984-இலேயே கணக்கிட்டிருக்கிறார்கள். குறைந்தது நான்கு வாரமாவது முன்னதாக நிறுத்தியிருக்கிறாரா என்று கேட்காமலேயே தேதி குறிக்கும் மருத்துவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.