வாசிப்புச் சவால்கள், ஓராண்டு அனுபவம்: ஒரு கணக்கரின் விமர்சனம்

போன வருடம் ஜனவரி முதல் தேதி இரவு கைப்பேசியில் ஒரு கட்டம் வந்து நின்றது. இந்த ஆண்டு எத்தனை புத்தகம் படிக்கப் போகிறாய்? யோசிக்காமல் 52 என்று தட்டினேன். வாரத்துக்கு ஒன்று, பார்க்கவே லட்சணமான எண். அதற்கு முந்தைய வருடம் நான் படித்து முடித்தவை மொத்தம் 19 என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. வந்திருந்தாலும் 52-தான் போட்டிருப்பேன். பகலெல்லாம் கணக்கு எழுதுகிறவன் நான். கட்டம் காலியாக இருந்தால் கை சும்மா இருக்காது.

அந்த ஒரு வருடத்தில் நான்கு விதமான சவால்களில் தலையைக் கொடுத்தேன். எண்ணிக்கைச் சவால், தலைப்புவாரிச் சவால், வாரப் பட்டியல், ஒரு மாதம் முழுக்க தினமும் எழுதுவது. நடுவில் ஒரு நாள் வாசிப்பு மாரத்தான் வேறு. இவற்றில் எது உருப்படி, எது வெட்டிவேலை என்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சொல்ல ஆளில்லாததால் நானே பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதிவைக்கிறேன்.

எண்ணிக்கையில் தொடங்குகிறேன். எல்லோரும் முதலில் மாட்டிக்கொள்வது அதில்தான். படித்த புத்தகங்களைப் பதிந்துவைக்கும் குட்ரீட்ஸ் தளம் 2007-ல் வந்தது, அதன் ஆண்டுச் சவால் 2011-லிருந்து நடக்கிறது. வருடத் தொடக்கத்தில் ஒரு எண் சொல்ல வேண்டும், ஒவ்வொரு புத்தகம் முடிந்ததும் பட்டை கொஞ்சம் நகரும். இவ்வளவு எளிமையான விஷயம் இத்தனை பேரைப் பிடித்து இழுக்கிறதென்றால், மனிதனுக்குப் பட்டை நகர்வதைப் பார்ப்பதில் ஏதோ ஆதிகாலத்து ஆசை இருக்க வேண்டும். ஸ்டோரிகிராஃப் என்று இன்னொன்று உண்டு. நாடியா ஒடுனாயோ என்ற மென்பொருள் பொறியாளர் உருவாக்கியது. அதில் புத்தக எண்ணிக்கையோடு பக்க எண்ணிக்கையையும் இலக்காக வைக்கலாம், ஒலிநூல் கேட்கிறவர்கள் மணிக்கணக்கை வைக்கலாம். மதிப்பெண்ணும் கால் நட்சத்திரம் வரை பிரித்துப் போட முடியும். மூன்றரைக்கும் நான்குக்கும் நடுவில் மூன்றே முக்கால் போட முடிகிறது என்பது என் மாதிரி ஆளுக்குப் பெரிய நிம்மதி. குட்ரீட்ஸில் இருக்கும் பழைய பட்டியலைக் கோப்பாக இறக்கி இதில் அப்படியே ஏற்றிவிடலாம் என்பதால் மறுபடி முதலிலிருந்து தட்டச்சு செய்யும் தொல்லையும் இல்லை.

சரி, என் 52-க்கு என்ன ஆனது? ஏப்ரல் வரை ஒழுங்காகத்தான் போனது. மே மாதம் ஒரு தடித்த வரலாற்று நூலை எடுத்தேன், 780 பக்கம். மூன்று வாரம் ஆகியும் பாதி தாண்டவில்லை. அதற்குள் திரையில் 'நீங்கள் 4 புத்தகம் பின்தங்கியிருக்கிறீர்கள்' என்ற வாசகம். வரவு செலவில் பற்றாக்குறை காட்டினால் எனக்கு என்ன ஆகுமோ அதுவே ஆனது. அந்த வரலாற்று நூலை மூடி வைத்துவிட்டு மெலிந்த புத்தகமாகத் தேட ஆரம்பித்தேன். நூலகத்தில் அலமாரி முன்னால் நின்று முதுகுப்பட்டையின் தடிமனை விரலால் அளந்து புத்தகம் எடுத்திருக்கிறேன். ஆசிரியர் யார், எதைப் பற்றி என்பதெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான்.

டிசம்பர் 29 இரவு, 51-ல் நின்றது. கையில் 64 பக்கக் கவிதைத் தொகுப்பு. பக்கத்துக்குப் பன்னிரண்டு வரிதான், மீதி வெள்ளை. முதல் பத்துப் பக்கம் மெதுவாகப் படித்தேன், அப்புறம் கண்ணை மட்டும் ஓட்டினேன். அறுபதாவது பக்கத்தில் தூக்கம் சொக்கியது. கைப்பேசியை எடுத்து 'முடித்தேன்' என்பதைத் தொட்டேன். வண்ணக் காகிதங்கள் பொழிந்தன, 52/52. மறுநாள் காலை அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர், "நேத்து என்ன சார் படிச்சீங்க?" என்று சாதாரணமாகக் கேட்டார். ஒரு வரிகூட வாயில் வரவில்லை. "கவிதை" என்றேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை, நல்ல மனிதர்.

எண்ணிக்கைச் சவாலை ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வருடக்கணக்கில் புத்தகத்தையே தொடாதவர்களுக்கு அது நல்ல உந்துதல்தான். ஆனால் எண்ணைத் தேர்ந்தெடுக்கும்போது போன வருடக் கணக்கை ஒருமுறை பார்த்துவிட்டுப் போடுங்கள். பின்தங்கினால் இலக்கை நடுவில் குறைத்துக்கொள்ள முடியும், அது குற்றமில்லை. எனக்கு இது தெரிந்தது அக்டோபரில். அதற்குள் வீம்பு ஏறிவிட்டது.

செயலிகளில் ஒரு எரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். நான் பயன்படுத்தியவற்றில் ஒன்றில், முடித்த தேதி பதிவாகாவிட்டால் அந்தப் புத்தகம் சவால் கணக்கில் சேராது. எனக்கு மூன்று புத்தகங்கள் இப்படி விடுபட்டு, ஜூலையில்தான் கண்டுபிடித்தேன். அப்புறம் தமிழ்ப் புத்தகங்கள். ஒரே நாவல் மூன்று விதமான எழுத்துக்கூட்டலில், மூன்று பதிவுகளாக, ஒன்றில் அட்டை இல்லாமல், இன்னொன்றில் பக்க எண்ணிக்கை பூஜ்யமாக. பூஜ்யம் பக்கப் புத்தகத்தைப் படித்து முடித்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். பக்கக் கணக்கு வைப்பவர்கள் அதைக் கையால் திருத்திக்கொள்ளத் தயாராக இருக்க வேண்டும்.

அடுத்தது தலைப்புவாரிச் சவால். இந்த விமர்சனத்தில் நான் மனதாரப் பாராட்டப் போவது இதைத்தான். புக் ரயட் என்ற புத்தகத் தளம் நடத்தும் ரீட் ஹார்டர் சவால் 2015-ல் தொடங்கியது. வருடத்துக்கு 24 பணிகள், மாதத்துக்கு இரண்டு என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு பணிக்கு ஒரு புத்தகம், நீங்கள் வழக்கமாக எட்டிப் பார்க்காத பக்கம் தள்ளிவிடுவதுதான் நோக்கம். இது போக, ஐந்துக்கு ஐந்து கட்டம் போட்ட பிங்கோ அட்டைகளை யார் வேண்டுமானாலும் தயாரித்து விடுகிறார்கள். ஸ்டோரிகிராஃபிலும் பயனர்களே சவால் உருவாக்கி மற்றவர்களைச் சேர்க்க வசதி உண்டு. நான் சேர்ந்தது அப்படி ஒரு சிறிய சவால், 12 தலைப்புதான். மொழிபெயர்ப்பு நூல், நாடகம், நீங்கள் பிறந்த வருடம் வெளியானது, அட்டை பிடிக்காத புத்தகம், இப்படி.

ஏழாவது தலைப்பு: 'பாதியில் விட்ட புத்தகம் ஒன்றை மறுபடி எடு.' என் அலமாரியில் அப்படிப்பட்டவை ஏராளம். கைக்கு வந்தது ஒரு நாவல். 83-ஆம் பக்கத்தில் ஒரு ரசீது செருகியிருந்தது, மை வெளுத்துப் போய்த் தேதி மட்டும் தெரிந்தது. பதினோரு வருடம். அங்கே ஏன் நிறுத்தினேன் என்றும் உடனே ஞாபகம் வந்தது. கதையில் ஒரு கிழவர் வருவார். தினமும் சாயங்காலம் வீட்டுக் கதவுகளை ஒவ்வொன்றாகப் பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்ப்பார், பார்த்துவிட்டுப் போய்ப் படுப்பார், மறுபடி எழுந்து வருவார். இரண்டு பக்கத்துக்கு இதுவே. அந்த வயதில் எனக்குப் பொறுமை இல்லை, தூக்கிப் போட்டேன். இப்போது அதே இரண்டு பக்கத்தைப் படிக்கிறேன், என் அப்பா கண் முன்னால் நிற்கிறார். கதவுப்பிடியை இழுத்துப் பார்த்தபின் உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொள்வது வரை. நாவலை நான்கு நாளில் முடித்தேன். அந்த நான்கு நாளும் 52 என்ற எண் ஞாபகமே வரவில்லை.

நாடகம் என்ற தலைப்பும் இல்லாவிட்டால் நான் ஜென்மத்துக்கும் நாடகப் பிரதி படித்திருக்க மாட்டேன். பிறந்த வருடத் தலைப்பு மட்டும் சப்பென்று போனது. அந்த வருடம் வந்த புத்தகங்களில் கைக்குக் கிடைத்தது ஒரு வீட்டுத் தோட்டக் கையேடு. படித்தேன், டிக் அடித்தேன். பன்னிரண்டில் ஒன்பதுதான் முடிந்தது. 52-ல் 52 எடுத்ததைவிட இந்த ஒன்பது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

இதில் ஒரு பொறி இருக்கிறது, கவனியுங்கள். ஒரே புத்தகத்தை மூன்று தலைப்புக்குக் கணக்குக் காட்டுவது. மொழிபெயர்க்கப்பட்ட நாடகம், அட்டையும் பிடிக்கவில்லை என்றால் ஒரே அடியில் மூன்று டிக். சில சவால்கள் இதை அனுமதிக்கின்றன, சிலவற்றில் கூடாது. விதியைப் படித்துவிட்டுச் சேருங்கள். நான் அனுமதி உள்ள சவாலிலும் அப்படிச் செய்யவில்லை. இரட்டைப் பதிவு வேறு, இரட்டைக் கணக்கு வேறு.

இனி எழுத்துப் பக்கம். டாப் டென் டியூஸ்டே என்ற வாரச் சவால் 2010-ல் ஒரு வலைப்பூவில் தொடங்கி, 2018-ல் வேறொரு பதிவர் கைக்கு மாறியது. செவ்வாய்தோறும் ஒரு தலைப்பு, அதற்குப் பத்துப் புத்தகம் கொண்ட பட்டியல். பட்டியலை உங்கள் வலைப்பூவில் போட்டு, சுட்டியைப் பொது இடத்தில் சேர்க்க வேண்டும். பழைய தமிழ்ப் பதிவர்களுக்கு, ஒருவர் எழுதிவிட்டு அடுத்தவரை எழுத அழைக்கும் நம் தொடர்பதிவு ஞாபகம் வரும், ஆனால் இதில் யாரும் யாரையும் கோத்துவிடுவதில்லை, அவரவரே வந்து மாட்டிக்கொள்கிறார்கள். இதே பாணியில் சிறிய குழு ஒன்று நடத்திய வாரப் பட்டியலில் நான் இருபது வாரம் எழுதினேன்.

பத்து என்பதுதான் சிக்கல். முதல் நான்கு புத்தகம் தன்னால் வரும், ஐந்தும் ஆறும் யோசித்தால் வரும், ஏழிலிருந்து பொய்தான். படிக்காத புத்தகத்தைப் பட்டியலில் சேர்த்த பாவத்தை ஒன்பதாவது வாரம் செய்தேன். பின்னூட்டங்களோ பெரும்பாலும் மொய்தான். 'அருமையான பட்டியல், என் பட்டியலையும் பாருங்கள்.' நானும் அதே வரியைத் திருப்பி எழுதினேன், மொய்க்கு மொய். இருபது வாரத்தில் உருப்படியாகப் பேச்சு நடந்தது ஒருவரோடு மட்டும். நான் வெறுத்த ஒரு நாவலை அவர் கொண்டாடியிருந்தார், மூன்று நாள் சண்டை போட்டோம். அந்த ஒரு சண்டைக்காக இந்தச் சவாலுக்குத் தேர்ச்சி மதிப்பெண் போடலாம்.

நவம்பரில் முப்பது நாளும் தினம் ஒரு பதிவு எழுதுவதற்கு நாப்லோபோமோ என்று பெயர். 2006-ல் ஈடன் கென்னடி என்ற பதிவர் தொடங்கிவைத்தது. எழுத விஷயம் கிடைக்காதவர்களுக்கு, வலைப்பூ நடத்த உதவும் வேர்ட்பிரஸ்.காமும் ஜெட்பேக் செயலியும் தினமும் ஒரு கேள்வி தரும். கேள்விகள் நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் தொடங்கினேன். 'உங்கள் லட்சியம் என்ன' மாதிரிக் கேள்விகளுக்கு நேர்முகத் தேர்வு பதில்தான் வருகிறது. வேறொரு இடத்திலிருந்து எடுத்த கேள்விப் பட்டியலில் ஐந்தாம் நாள் வந்ததே பதினேழாம் நாள் வார்த்தை மாற்றிக்கூட வராமல் திரும்பி வந்தது.

ஆனால் பதினோராம் நாள், 'தூக்கிப் போட மனம் வராத உடைந்த பொருள் எது?' என்று ஒன்று. என் மேசை இழுப்பறையில் ஒரு ஸ்டேப்ளர் இருக்கிறது. ஸ்பிரிங் போய்விட்டது, அழுத்தினால் முள் பாதி இறங்கி வளைந்துகொள்ளும். முதல் வேலையில் முதல் நாள் கொடுத்தது. அதைப் பற்றி 140 வார்த்தை எழுதினேன், பதினைந்து நிமிடம்கூட ஆகவில்லை. முப்பது பதிவில் திரும்பப் படிக்க முடிகிறது என்றால் அது ஒன்றுதான், இன்னும் ஓரிரண்டைச் சேர்க்கலாம். பொருளைக் கேட்கிற கேள்விக்குக் கதை வருகிறது, கருத்தைக் கேட்கிற கேள்விக்குக் கட்டுரை வருகிறது. முப்பதில் எட்டோ பத்தோதான் முதல் ரகம்.

வாசிப்பு மாரத்தானைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 24 மணி நேர வாசிப்பு 2007 அக்டோபரில் ட்யூயி என்ற புனைபெயரில் எழுதிய பதிவர் தொடங்கியது; அவர் மறைவுக்குப் பின் மற்றவர்கள் அவர் பெயரிலேயே நடத்தினார்கள். உலகம் முழுக்க ஒரே நொடியில் ஆரம்பம், ஒருவருக்கு விடிகாலை என்றால் இன்னொருவருக்கு நடுராத்திரி. அந்த மாதிரியில் நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து எங்களுக்குள் வைத்துக்கொண்டோம். பதினான்காவது மணியில் ஒரே பத்தியை ஐந்து முறை படித்தேன். இருபது நிமிடம் படிப்பு, ஐந்து நிமிடம் ஓய்வு என்று பிரித்தவர்கள் மட்டும் தாக்குப்பிடித்தார்கள்.

மதிப்பெண் கேட்பீர்கள். எண்ணிக்கைக்கு இரண்டரை, வாரப் பட்டியலுக்கு இரண்டே கால், தினப்பதிவுக்கு மூன்று, தலைப்புவாரிக்கு நாலே முக்கால். அந்தக் கால் குறைத்தது தோட்டக் கையேட்டுக்கு.

இந்த வருடம் 12 தலைப்பு மட்டும் எடுத்திருக்கிறேன். எண் கேட்கும் கட்டத்தில் 12 என்று போட்டுவிட்டு, மே மாதம் மூடிவைத்த வரலாற்று நூலை மறுபடி திறந்தேன். 412-ஆம் பக்கத்தில் இருக்கிறேன், அந்த வெளுத்த ரசீதுதான் இப்போது இதில். கவிதைத் தொகுப்பின் கடைசி நான்கு பக்கம் இன்னும் பாக்கி நிற்கிறது. கணக்கில் அது டிசம்பர் 29-லேயே முடிந்துவிட்டது.