மின்னஞ்சல் நிரல் சர்வரை இழக்கும்போது: டர்பன் அலுவலகங்களுக்கு எந்த வழி பொருந்தும்?

தண்டர்பேர்ட், அவுட்லுக் போன்ற மின்னஞ்சல் நிரல்கள் சர்வரோடு தொடர்பை இழக்கும்போது இருவிதமாக நடந்துகொள்கின்றன. சில வேளை இணைய முடியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிடும். சில வேளை எதுவும் சொல்லாது. இணைப்பில் இருப்பதாகவே காட்டிக்கொண்டு, புதிய கடிதம் ஒன்றையும் கொண்டுவராமல் சும்மா இருக்கும். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் உள்ள கோயில் அலுவலகங்களுக்கும் தமிழ்ச் சங்கங்களுக்கும் அதிகத் தொல்லை தருவது இந்த இரண்டாவது வகைதான். காவடிக்குப் பெயர் கொடுத்து எழுதியவர் மாலையில் தொலைபேசியில் விசாரிக்கும்போதுதான், காலையிலிருந்து கடிதமே வரவில்லை என்பது அலுவலகத்துக்குத் தெரியவரும். இதற்குப் பலரும் பல வழிகளைச் சொல்கிறார்கள்: உடனடி அறிவிப்பை அணைப்பது, இணைப்புகளின் எண்ணிக்கையைக் குறைப்பது, ஐமேப்பை (கடிதங்களை சர்வரிலேயே வைத்துப் பார்க்கும் முறை) விட்டு பாப் முறைக்கு (கடிதங்களைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் முறை) மாறுவது, போர்ட் எண்ணை (சர்வரின் எந்த வாசல் வழியே நிரல் நுழைகிறது என்பதைக் குறிக்கும் எண்) மாற்றுவது, கணக்கை நீக்கி மறுபடி சேர்ப்பது, ரவுட்டருக்கு யுபிஎஸ் வாங்குவது. இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்தில் அறுந்த இணைப்பைச் சரிசெய்பவை என்பதால், ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது. ஆயினும் இந்த ஊரின் மின்சாரத்தையும் இணைய வசதியையும் வைத்துப் பார்த்தால், முதலில் எதைத் தொடுவது, எதைக் கடைசிவரை தொடாமல் இருப்பது என்று சொல்ல முடியும்.

எதையும் மாற்றுவதற்கு முன் இரண்டு சோதனைகள் போதும். அதே அஞ்சல் பெட்டியை அதே கணினியின் உலாவியில் திறந்து பார்க்க வேண்டும். பிறகு கணினியைக் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து நிரலை மறுபடி இயக்கிப் பார்க்க வேண்டும். உலாவியில் கடிதங்கள் தெரிந்து, ஹாட்ஸ்பாட்டில் நிரலும் ஒழுங்காக வேலை செய்தால், குறை ரவுட்டரிலோ இணையச் சேவையிலோ இருக்கிறது. உலாவியில் திறந்தும் நிரல் எந்த வழியிலும் இணையவில்லை என்றால், நிரலின் அமைப்பையோ கடவுச்சொல்லையோ சந்தேகிக்க வேண்டும். எந்தப் பக்கம் குறை என்று தெரியாமல் அமைப்புகளை மாற்றத் தொடங்குபவர், இருந்த குறையோடு புதிதாக இரண்டைச் சேர்த்துக்கொள்கிறார்.

முதல் போட்டி, உடனடி அறிவிப்புக்கும் குறித்த இடைவெளியில் சரிபார்ப்பதற்கும் இடையே. ஐமேப் முறையில் ஐடில் என்றொரு கட்டளை உண்டு. 1997இல் வெளியான ஆர்எஃப்சி 2177 என்ற இணைய நெறிமுறை ஆவணம் அதை வரையறுத்தது. நிரல் ஒரு இணைப்பைத் திறந்து வைத்துப் பேசாமல் காத்திருக்கும். கடிதம் வந்ததும் சர்வரே தெரிவிக்கும். இப்படிப் பேசாமல் இருப்பதில்தான் சிக்கல் இருக்கிறது. வீட்டு ரவுட்டரும் கைப்பேசி நிறுவனத்தின் கருவியும் எந்தக் கணினி எந்த சர்வரோடு பேசுகிறது என்று ஒரு பட்டியல் வைத்திருக்கின்றன. நெடுநேரம் போக்குவரத்து இல்லாத இணைப்பை அந்தப் பட்டியலிலிருந்து அழித்துவிடுகின்றன. 2008இல் வந்த ஆர்எஃப்சி 5382, இந்தக் கால அளவு 2 மணி 4 நிமிடத்துக்குக் குறையக்கூடாது என்று விதித்தது. ஆனால் சில நிமிடங்களிலேயே அழித்துவிடும் கருவிகள் புழக்கத்தில் நிறைய உண்டு. ஐடில் கட்டளையை 29 நிமிடங்களுக்கு ஒருமுறையாவது புதுப்பிக்க வேண்டும் என்பது 2177இன் அறிவுரை. பத்து நிமிடத்தில் மறந்துவிடும் ரவுட்டருக்கு அது போதாது. இதில் சர்வரையும் பொறுத்து வேறுபாடு உண்டு. வாடகை ஹோஸ்டிங்கில் (நிறுவனங்கள் வாடகைக்குத் தரும் சர்வர் இடத்தில்) பரவலாக உள்ள டவ்காட் என்ற சர்வர் மென்பொருள், ஐடிலில் இருக்கும் நிரலுக்கு 2 நிமிடங்களுக்கு ஒருமுறை தானாகவே ஒரு வரி அனுப்புவதால், அங்கே ஐடில் ஓரளவு தாக்குப்பிடிக்கிறது.

ஆனால் மின்தடையை எந்த சர்வராலும் ஈடுகட்ட முடியாது. லோட் ஷெடிங் எனப்படும் முறைவைத்த மின்வெட்டு 2024 மார்ச் இறுதியிலிருந்து நெடுநாள் ஓய்ந்திருந்து, 2025 தொடக்கத்தில் சில நாள்கள் திரும்பி வந்தது. உள்ளூர்ப் பழுதுகளால் வரும் தடை ஓய்ந்ததே இல்லை. மின்சாரம் போனதும் ரவுட்டர் அணைகிறது. மடிக்கணினி பேட்டரியில் ஓடிக்கொண்டே இருக்கிறது. மின்சாரம் திரும்பியதும் ரவுட்டர் வெறும் பட்டியலோடு எழுகிறது. நிரல் மட்டும் பழைய இணைப்பு உயிரோடிருப்பதாக நம்பிக் காத்திருக்கிறது. எனவே இங்கே என் தேர்வு, இடைவெளியில் சரிபார்ப்பதுதான். தண்டர்பேர்டில் இது வழக்கமாக 10 நிமிடம். அதை 5 ஆக்குவது நல்லது. நிரல் அடிக்கடி வாய் திறப்பதால் ரவுட்டரும் இணைப்பை மறப்பதில்லை. இணைப்பு செத்திருந்தால் அடுத்த சரிபார்ப்பிலேயே அது வெளிப்பட்டுவிடும். அவுட்லுக்கின் பழைய வடிவத்தில் அனுப்பு–பெறு இடைவெளி வழக்கமாக 30 நிமிடம், அதையும் குறைத்துவிடலாம். கோயில் அலுவலகத்துக்குக் கடிதம் ஐந்து நிமிடம் தாமதமாக வருவதால் எந்தக் காரியமும் கெட்டுப்போகாது.

அடுத்தது இணைப்புகளின் எண்ணிக்கை. பலரும் கவனிக்காத இடம் இதுதான். தண்டர்பேர்ட் ஒரு ஐமேப் கணக்குக்கு ஒரே நேரத்தில் 5 இணைப்புகள் வரை வைத்துக்கொள்ளும். ஜிமெயில் ஒரு கணக்குக்கு 15 ஐமேப் இணைப்புகளை அனுமதிக்கிறது. செயலாளர், பொருளாளர், வரவேற்பறை என்று மூன்று கணினிகளில் ஒரே கணக்கு இருந்தால் பதினைந்தும் தீர்ந்துவிடுகிறது. தலைவரின் கைப்பேசிக்கு இடமில்லை. டவ்காட்டின் இயல்பான வரம்பு இன்னும் இறுக்கமானது: ஒரே பயனர் ஒரே இணைய முகவரியிலிருந்து 10 இணைப்புகள்தான் வைத்துக்கொள்ளலாம். அலுவலகம் முழுவதும் ஒரே ரவுட்டர் வழியாக வெளியே போவதால், இரண்டு கணினிகள் பத்தையும் எடுத்துக்கொள்ள, மூன்றாவது கணினி வாசலிலேயே நிற்கிறது. மின்தடைக்குப் பிறகு இது மோசமாகிறது. பழைய இணைப்புகள் செத்தது சர்வருக்கு உடனே தெரியாததால் அவற்றையும் கணக்கில் வைத்திருக்கும். புதியவை அவற்றின் மேல் சேர்கின்றன. சற்று நேரம் கழித்துத் தானாகச் சரியாகிவிட்டது என்று பலர் சொல்வதற்குக் காரணம், சர்வர் பழையவற்றைக் கைவிட அவ்வளவு நேரம் எடுப்பதுதான். சர்வர் அமைப்பின் மேம்பட்ட பகுதியில் 5 என்று இருப்பதை 2 ஆக்கினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் அடங்கிவிடும், காசும் செலவில்லை. ஒரே நேரத்தில் பல கோப்புறைகளைத் திறப்பவருக்குச் சற்றே மெதுவாகத் தோன்றலாம்.

பாப் முறைக்கு மாறச் சொல்பவர்களின் வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. பாப் இணைப்பைத் திறக்கும், கடிதங்களை இறக்கும், மூடிவிடும். திறந்தே வைத்திருக்காததால் அறுந்துபோக அங்கே ஒன்றும் இல்லை. ஒரே கணினியில், ஒருவர் மட்டும் பயன்படுத்தும் பெட்டிக்கு அது பொருந்தும். குழுவாக நடத்தும் அலுவலகத்துக்கு ஆகாது. செயலாளரின் கணினி இறக்கிய கடிதத்தைப் பொருளாளர் பார்க்க வேண்டுமானால், சர்வரில் பிரதியை விட்டுவைக்கும்படி ஒவ்வொரு கணினியிலும் அமைக்க வேண்டும். அப்போதும் யார் எதற்குப் பதில் எழுதினார் என்பது மற்றவருக்குத் தெரியாது.

போர்ட் எண்ணைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. பெறுவதற்கு 993, அனுப்புவதற்கு 465. இரண்டும் தொடக்கத்திலிருந்தே மறையாக்கத்தோடு செல்பவை. 2018இன் ஆர்எஃப்சி 8314 பரிந்துரைப்பதும் இவற்றையே. 143, 587 ஆகியவை சாதாரணமாகத் தொடங்கிப் பிறகு மறையாக்கத்துக்கு மாறுபவை. சர்வர் ஏற்றால் அவையும் சரிதான். கடிதம் வருகிறது, ஆனால் போகவில்லை என்றால், அனுப்பும் போர்ட் இன்னும் 25ஆக இருக்கிறதா என்று பாருங்கள். இணையச் சேவை நிறுவனங்கள் பல அதை அடைத்துவிடுகின்றன.

இணைப்புக் குறைபோலத் தோன்றும் கடவுச்சொல் குறையும் உண்டு. கூகுள் தனிநபர் கணக்குகளில் 2022 மே 30 முதல் வெறும் கடவுச்சொல்லோடு நிரல்கள் நுழைவதைப் படிப்படியாக நிறுத்தியது, மைக்ரோசாஃப்ட் அவுட்லுக்.காம் கணக்குகளில் 2024 செப்டம்பர் 16 முதல் நிறுத்தியது. தண்டர்பேர்டில் சரிபார்ப்பு முறையை ஓஆத்2 என்று மாற்றினால் உலாவிச் சாளரம் ஒன்று திறந்து அனுமதி கேட்கும். அவ்வசதி இல்லாத பழைய நிரல்களில் ஜிமெயிலுக்கு மட்டும் 16 எழுத்துள்ள தனிச் செயலிக் கடவுச்சொல்லை உருவாக்கிப் பயன்படுத்தலாம். அதற்கு இரட்டைச் சரிபார்ப்பு இயங்கியிருக்க வேண்டும்.

கணக்கை நீக்கி மறுபடி சேர்ப்பதுதான் எல்லோரும் முதலில் சொல்வது. என் வரிசையில் அது கடைசி. மின்தடையால் அறுந்த இணைப்பு அதனால் சரியானதுபோல் தோன்றுவதற்குக் காரணம், நிரல் புதிய இணைப்பைத் திறப்பது மட்டுமே. அதை நிரலை மூடித் திறந்தே பெற்றிருக்கலாம். நீக்கினால் இழப்பு உண்டு: அனுப்பப்படாமல் நின்ற கடிதங்கள் போய்விடலாம், பெட்டி முழுவதையும் மறுபடி இறக்க வேண்டும், அளவு கட்டி வாங்கும் கைப்பேசி டேட்டாவில் இருப்பவருக்கு அது பெருஞ்செலவு. நிரலின் உள்ளமைப்பே கெட்டிருக்கிறது என்ற ஐயம் வலுத்தால், பழையதைத் தொடாமல் பக்கத்தில் ஒரு புதிய புரொஃபைல் (நிரலின் தனி அமைப்புத் தொகுப்பு) உருவாக்கி அதில் கணக்கைச் சேர்த்துப் பார்க்கலாம். இரு நிரல்களிலும் அதற்கு இடமுண்டு.

யுபிஎஸ் வாங்கும் யோசனை மட்டும் காசு கேட்கிறது. அதைச் சரியாகச் செய்பவர்களும் குறைவு. ஃபைபர் இணைப்பில் இரண்டு பெட்டிகள் இருக்கின்றன: கண்ணாடி இழை வந்து சேரும் சுவர்ப்பெட்டி ஒன்று, வைஃபை தரும் ரவுட்டர் மற்றொன்று. ரவுட்டருக்கு மட்டும் யுபிஎஸ் கொடுத்தால், மின்சாரம் போன பிறகும் வைஃபை எரிகிறது, கணினி இணைந்திருப்பதாகக் காட்டுகிறது, சுவர்ப்பெட்டியோ இருட்டில் கிடக்கிறது. யுபிஎஸ் இல்லாத நிலையைவிட இது மோசம், ஏனெனில் பயனர் குறையை நிரலில் தேடுகிறார். இரண்டு பெட்டிகளுக்கும் சேர்த்து வாங்குவதானால் வாங்கலாம். இல்லையென்றால் இடைவெளியையும் எண்ணிக்கையையும் மாற்றுவதோடு நிற்பதே மேல்.

இவற்றுள் எதுவும் பயன்படாத நாளும் உண்டு. 2024 மே 12 அன்று கிழக்குக் கரைக் கடலடியில் ஈஸி, சீகாம் என்ற இரு கேபிள்களும் ஒன்றாக அறுந்தபோது, தென்னாப்பிரிக்காவுக்கு வடக்கே பல நாடுகளில் இணையம் தடுமாறியது. உள்ளூர்த் தளங்கள் விரைவாகத் திறந்து, வெளிநாட்டு சர்வர்கள் மட்டும் இழுத்துக்கொண்டு நின்றால், குறை இத்தகையதாக இருக்கலாம். அப்போது மாற்றத்தக்கது காத்திருப்பு நேரம் ஒன்றே: அவுட்லுக்கின் பழைய வடிவத்தில் அதை 10 நிமிடம் வரை நீட்டலாம், தண்டர்பேர்டில் இயல்பாக உள்ள 100 வினாடியைக் கூட்டலாம். கேபிள் சீரானதும் அதைப் பழைய அளவுக்கே குறைத்துவிட வேண்டும். இல்லையேல் அடுத்த மின்தடைக்குப் பிறகு, செத்த இணைப்புக்காக நிரல் அவ்வளவு நேரமும் காத்திருக்கும்.